தீபாவளிக்கு முன் நின்றுபோன தையல் மெஷின்: ஊசி, பாபின் கோளாறுகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் அம்மாவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மெஷினின் மாடலையும் சொல்லவில்லை. மேலிருந்து பாபின் (கீழ்நூல் சுற்றி வைக்கும் சிறு உருளை) போடும் வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான் என்பதால் அது தேவையும் இல்லை.

பின்னணி

அந்த அம்மா சிங்கப்பூரில் அங் மோ கியோ வட்டாரத்தில், நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர். இளம் வயதில் இங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சட்டைக் காலர் தைத்துத் தைத்துத் தேறிய கை. துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த நூல் பொருந்தும் என்று சொல்லிவிடுவார்.

மெஷின் அவர் தேடி வாங்கியதல்ல. 2020ல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது, துணி முகக்கவசம் தைக்க மகன் வாங்கிக் கொடுத்தது. முகக்கவசம் தைத்து முடிந்தபின், சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தை ஒட்டிய அலமாரியில் மூன்று வருடம் கிடந்தது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். அப்படியோர் இடத்தில் உறை போடாமல் வைத்த மெஷினில் ஊசி துருப்பிடிக்கும், உள்ளே சேர்ந்த நூல் தூசி ஈரம் குடித்துக் கம்பளிபோல் இறுகும். பின்னால் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

2023 செப்டம்பர் கடைசியில் மெஷினை மறுபடி எடுத்தார். தீபாவளி நவம்பர் 12. அதற்குள் முடிக்க நினைத்தவை: இரண்டு சேலைக்கு ஃபால்ஸ், பேத்திக்குப் பட்டுப்பாவாடை, மருமகளின் ஸ்ட்ரெச் பிளவுஸைக் கொஞ்சம் பிடித்துத் தைப்பது.

எங்களிடம் வருவதற்கு முன்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தையல் தெரிந்த சிலர் வாரம் ஒருமுறை கூடுகிறோம். அங்கே வந்து அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டோம். எது எதற்குப் பின் நடந்தது என்பது இந்த வேலையில் மிகவும் முக்கியம்.

முதலில் பழைய ஊசி துருப்பிடித்திருந்ததைப் பார்த்து, தொழிற்சாலை நாளிலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்த தகர டப்பாவிலிருந்து வேறு ஊசி எடுத்து மாட்டினார். தையலே விழவில்லை. ஊசியைத் திருப்பி மாட்டியதும் விழுந்தது, ஆனால் விட்டு விட்டு. துணிக்கு அடியில் நூல் கூடுபோல் சுருண்டது. சிக்கு கீழே இருந்ததால் பாபின்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு கடையில் பல வகை கலந்த பாபின் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தார். சிக்கு நிற்கவில்லை. மருமகள் ஒரு காணொளியைப் பார்த்து, பாபினைத் தாங்கும் கேஸில் இருந்த சின்னத் திருகாணியை இறுக்கினார். இப்போது அடியில் பாபின் நூல் நேர்கோடாகக் கிடந்தது, சிக்கும் இருந்தது. கடைசியில் துணி மாட்டிக்கொண்டு வர மறுத்தது. பின்னாலிருந்து இழுத்தார். ஊசி உடைந்தது.

"இத்தனை வருஷம் தைச்ச கைம்மா இது. இந்தச் சின்ன மெஷின் என்னை ஏமாத்துது," என்றார். அந்த வருத்தம் எங்களுக்குப் புரிந்தது. அவர் கைத்திறனில் எந்தக் குறையும் இல்லை. கை பழகிய மெஷின் வேறு, முன்னால் இருந்த மெஷின் வேறு.

பார்த்தவை

மெஷின், பாபின்கள், தகர டப்பா, நூல்கண்டுகள், தைத்துப் பாதியில் விட்ட துணி எல்லாவற்றையும் டிராலியில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். அதுதான் பெரிய உதவி. மெஷினை மட்டும் கொண்டு வந்திருந்தால் பாதிக் காரணம் வீட்டிலேயே தங்கியிருக்கும்.

தகர டப்பாவில் இருந்தவை தொழிற்சாலை மெஷின் ஊசிகள். மேல்தண்டு முழுவதும் உருண்டையாக இருக்கும். வீட்டு மெஷின் கேட்பது 130/705 எச் அல்லது எச்ஏ×1 என்று உறையில் அச்சிட்ட ஊசி. அதன் மேல்தண்டில் ஒருபக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கத்தை, இந்த மாதிரி மெஷினில், பின்னால் வைத்து மாட்ட வேண்டும். அப்போதுதான் நூல் ஓடும் நீளப் பள்ளம் முன்னாலும், கண்ணுக்குச் சற்று மேலே உள்ள குழிவு பின்னாலும், அதாவது ஊசிக்கு அடியில் சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்கின் பக்கமும் நிற்கும். ஹூக்கின் முனை அந்தக் குழிவின் வழியாகத்தான் புகுந்து நூல் வளையத்தைப் பிடிக்கிறது. உருண்டைத் தண்டில் திசையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. தண்டும் மெலிது, பிடியில் சரியாக இறுகாது.

முதல் தடவை தையலே விழாததற்கும் இதுதான் காரணம். தொழிற்சாலை மெஷினில் நூலை இடமிருந்து வலமாகக் கோர்ப்பார்கள், பள்ளம் இடப்பக்கம் இருக்கும். கை பழக்கத்தில் அப்படியே மாட்டிவிட்டார். இந்த மெஷினில் முன்னிருந்து பின்னாகக் கோர்க்க வேண்டும். குழிவு வலப்பக்கம் திரும்பி நின்றதால் ஹூக்குக்கு நூல் எட்டவே இல்லை.

பாபின் பொட்டலத்தில் மூன்று வகை இருந்தன. அவருடைய மெஷினின் கையேடு 11.5 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் பாபினைத்தான் கேட்கிறது. பொட்டலத்தில் சில அந்த உயரம். சில சுமார் 9 மில்லிமீட்டர். மீதி, பக்கத்தில் ஓட்டைகள் போட்ட உலோக பாபின்கள். பழைய மிதி மெஷினுக்குப் பொருத்தமானவை. வட்டம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துக் கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோனால் உடனே தெரியும். உயரம் குறைந்த பாபின் கேஸுக்குள் துள்ளும், நூல் சீராக வராது. உலோக பாபின் பிளாஸ்டிக் கேஸில் கீறல் போடும், எடை வேறு என்பதால் சுழலும் விதமும் மாறும். அவர் மெஷினில் இருந்தது உயரம் குறைந்தது.

அந்த பாபினில் நூல் பஞ்சுபோல் தளர்வாகச் சுற்றியிருந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கியது. பாபின் சுற்றும்போது மெஷினின் மேலே நூலை இறுக்கிப் பிடிக்கும் சின்ன டென்ஷன் வட்டுக்குள் நூலை மாட்டாமல் விட்டால் இப்படித்தான் வரும். நல்ல பாபின் கல்போல் இருக்க வேண்டும்.

உடைந்த ஊசியின் இரண்டு துண்டுகளை டேப்பில் ஒட்டி வைத்திருந்தார். சேர்த்துப் பார்த்தோம், நுனி இல்லை.

எதை முதலில் தொடுவது என்ற கேள்வி

கூடியிருந்தவர்களில் ஒருவர் டென்ஷனைச் சரிசெய்தால் போதும் என்றார். இன்னொருவர் ஹூக் டைமிங் (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) போய்விட்டது, கடைக்கு அனுப்பிவிடலாம் என்றார். இரண்டையும் அன்று தள்ளி வைத்தோம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இங்கே கோளாறு ஒன்றல்ல. தப்பான ஊசி, தப்பான பாபின், தளர்ந்த சுற்று, இறுக்கிய திருகாணி, இன்னும் பார்க்காத உள் அழுக்கு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. ஒவ்வொரு கோளாறுக்கும் செய்த மருந்து அடுத்த கோளாறானது. இப்படிப்பட்ட நிலையில் டென்ஷனைத் திருப்பினால், ஒரு தப்பை இன்னொரு தப்பால் ஈடுகட்டி, தற்காலிகமாகத் தையல் விழவைக்கலாம். நாளைக்கு ஊசி மாற்றியதும் எல்லாம் கலைந்துவிடும். அதனால் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு தொடக்க நிலைக்கு மெஷினைக் கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொன்றாக மாற்றுவது என்று தீர்மானித்தோம். டென்ஷன் கடைசி.

அப்புறம், துணிக்கு அடியில் சுருளும் நூல் பெரும்பாலும் பாபின் நூலே அல்ல, மேல்நூல். ஊசி கீழே கொண்டுபோகும் வளையத்தை ஹூக் பிடித்து பாபினைச் சுற்றி எடுத்துச் செல்கிறது. சுற்றி முடிந்ததும், மேலும் கீழும் ஆடும் லிவர் அந்த உபரி நூலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். மேல்நூல் லிவரில் மாட்டாமல் இருந்தாலோ, டென்ஷன் வட்டுகளுக்கு நடுவே உட்காராமல் இருந்தாலோ, இழுப்பதற்குப் பிடி இல்லை. வளையம் அடியிலேயே தங்கிச் சுருளும். சிக்கு கீழே தெரிகிறது என்று கீழேயே தேடினால் காரணம் கிடைக்காது.

சரிசெய்த வரிசை

சுவிட்சை அணைத்து மின்செருகியையும் பிடுங்கினோம். 230 வோல்ட் மெஷின். பெடலில் தெரியாமல் கால் பட்டால் போதும், விரலுக்குள் ஊசி இறங்கிவிடும்.

ஊசித் தட்டைக் கழற்றியதும் இறுகிய தூசிப் படலம் தெரிந்தது. துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவே அது தகடுபோல் படிந்திருந்தது. கீபோர்டுக்குப் பயன்படுத்தும் காற்று டப்பாவை ஒருவர் நீட்டினார். வேண்டாம் என்றோம், அது தூசியை இன்னும் உள்ளே தள்ளும். மெல்லிய பிரஷும் சின்ன இடுக்கியும் போதுமாக இருந்தன. காணாமல் போன ஊசி நுனி அந்தப் படலத்துக்குள் இருந்தது. அது ஹூக்குக்குள் விழுந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். எண்ணெய் விடவில்லை; இந்த மெஷினின் பாபின் பகுதிக்கு எண்ணெய் கூடாது என்று கையேடே சொல்கிறது.

புதிய 80/12 ஊசி, தட்டைப் பக்கம் பின்னால். மேலே முட்டும்வரை ஏற்றி, திருகாணியை இறுக்கினோம். 80 என்பது மேல்தண்டுக்குக் கீழே உள்ள மெல்லிய பகுதியின் விட்டம் 0.80 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 12 அதே அளவுக்கான அமெரிக்க முறை எண்.

சரியான உயரமுள்ள பிளாஸ்டிக் பாபினை எடுத்து, பழைய நூல்மேல் சுற்றாமல் வெறும் பாபினில் வெள்ளை நூலைக் கெட்டியாகச் சுற்றினோம். கேஸில் போடும்போது நூல் இடஞ்சுழியாக வரவேண்டும். பிளவில் இழுத்து அது ஸ்பிரிங்கின் அடியில் போய் உட்கார்ந்ததா என்று பார்த்தோம்.

மேலே சிவப்பு நூல். அழுத்தும் பாதத்தை உயர்த்திவிட்டுத்தான் கோர்த்தோம், ஏனென்றால் பாதம் மேலே இருந்தால்தான் டென்ஷன் வட்டுகள் திறந்திருக்கும். அவர் பாதத்தை இறக்கி வைத்துக் கோர்த்துவந்தார், அதனால் நூல் வட்டுகளின் மேலேயே ஓடியிருக்கிறது. கோர்த்தபின் ஒரு சோதனை உண்டு. பாதத்தை இறக்கி நூலை மெதுவாக இழுத்தால் இறுக்கம் தெரியவேண்டும். உயர்த்தினால் தளர வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி தளர்வாக வந்தால் நூல் வட்டுக்குள் இல்லை. கோர்க்கும் முன் கைச்சக்கரத்தை நம் பக்கமாகத் திருப்பி லிவரை மேலே கொண்டுவரவும் வேண்டும், இல்லாவிட்டால் லிவரில் நூல் மாட்டாமல் தப்பிவிடும்.

டென்ஷன் டயலை நடுவில், 4ல் வைத்து, இரண்டு மடிப்பு பருத்தித் துணியில் தைத்தோம். சிக்கு போய்விட்டது. ஆனால் அடிப்பக்கம் வெள்ளைக் கோட்டில் சிவப்புப் புள்ளிகள். இரண்டு நிறம் வைத்ததன் பயன் இதுதான்: எந்த நூல் எந்தப் பக்கம் தலைகாட்டுகிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். சிவப்பு அடியில் வருகிறது என்றால் கீழ்நூல் அளவுக்கு மீறி இறுகி, முடிச்சைக் கீழே இழுத்துக்கொள்கிறது, அல்லது மேல்நூல் மிகத் தளர்வு. மேல் டயல் நடுவில் இருந்தது; கீழே திருகாணியைத் திருப்பியது நமக்குத் தெரியும்.

இப்போதுதான் அந்தத் திருகாணியைத் தொட்டோம். கேஸில் இரண்டு திருகாணிகள். ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது ஒன்று, அதைத் தொடக்கூடாது. இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பது மற்றது. தட்டு ஒன்றின்மேல் வைத்துக்கொண்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, மறுபடி மாட்டித் தைத்துப் பார்த்து, திரும்பவும் கொஞ்சம் தளர்த்தினோம். நூலைப் பிடித்து கேஸைத் தொங்கவிட்டு லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். தானாகவே ஓடி இறங்கினால் தளர்வு, சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம். முடிச்சு இரண்டு துணிக்கும் நடுவே மறைந்தது. திருகாணி நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தோம்.

சேலை ஃபால்ஸ் இரண்டையும் அந்த வாரமே முடித்துவிட்டார்.

ஸ்ட்ரெச் பிளவுஸ்

பிளவுஸில் தையல் விட்டு விட்டு விழுந்தது. பருத்தியில் நன்றாக ஓடிய அதே ஊசி, அதே நூல். இழுபடும் துணி ஊசியோடு சேர்ந்து கொஞ்சம் கீழே போய் வருகிறது. ஊசி மேலேறத் தொடங்கும்போது நூல் வளையம் சரியாக உருவாவதில்லை. ஹூக் வெறும் இடத்தைக் கடந்து போகிறது.

தொழிற்சாலையில் அவர் தைத்தது எல்லாம் நெய்த துணி, இந்த வகை அவருக்குப் புதிது. 75/11 ஸ்ட்ரெச் ஊசி வாங்கச் சொன்னோம். ஷ்மெட்ஸ் ஊசியில் ஸ்ட்ரெச் வகைக்கு மஞ்சள் கோடு இருக்கும், கடையில் அடையாளம் காண எளிது. நேர்த்தையலுக்குப் பதில் மிகக் குறுகலான ஜிக்ஜாக் வைத்தார். அணிந்து கையைத் தூக்கினாலும் தையல் அறுபடவில்லை.

மறுபடி வந்தது

அக்டோபர் நடுவில் பாவாடை தைக்கும்போது மேல்நூல் தும்பு தும்பாக உரிந்து அறுந்தது. ஊசி புதிது. நூல்கண்டை மாற்றியும் அதேதான். இம்முறை அவர் எதையும் திருப்பாமல், அப்படியே கொண்டு வந்தார்.

நூல் உரிகிறது என்றால் போகும் வழியில் எங்கோ கூர் இருக்கிறது. முதலில் நூல்கண்டு: விளிம்பில் நூலைச் செருகி வைக்கும் வெட்டு, நூல் கழன்று வரும் பக்கம் இருந்தால் அதில் மாட்டும். அவர் சரியாகவே வைத்திருந்தார். அடுத்து ஊசித் தட்டின் ஓட்டை. பழைய நைலான் காலுறையை அதன்மேல் மெதுவாக இழுத்தோம். ஓர் இடத்தில் இழை மாட்டியது. ஊசி உடைந்த நாளில் விழுந்த வடு. மிக நைசான உப்புத்தாளை நூல்போல் முறுக்கி அந்த இடத்தில் மட்டும் தேய்த்தோம், தூளை வெளியே தட்டிவிட்டுத்தான் தட்டைத் திரும்பப் பொருத்தினோம்.

ஹூக்கின் முனையையும் விளக்கு வைத்துப் பார்த்தோம், நகத்தால் தொட்டுப் பார்த்தோம். வழவழப்பாக இருந்தது. கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், ஊசி கீழ்க்கோடியிலிருந்து லேசாக மேலேறும்போது ஹூக் முனை கண்ணுக்குச் சற்று மேலே கடக்கிறது, டைமிங்கில் தவறில்லை. அங்கே வடு இருந்திருந்தாலோ டைமிங் விலகியிருந்தாலோ நாங்கள் தொட்டிருக்க மாட்டோம், மெக்கானிக்கிடம் அனுப்பியிருப்போம். ஹூக்கில் ஒரு மயிரிழை கூடத் தேய்த்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நூல் அறுவது நின்றது. ஜரிகைக் கரையில் மட்டும் ஊசி சீக்கிரம் மழுங்கியது. உலோக இழை அப்படித்தான் செய்யும். மெல்லிய கூர் முனையுள்ள மைக்ரோடெக்ஸ் வகையை ஜரிகைக்கென்று தனியாக வைத்துக்கொண்டு, துணியில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டவுடன் மாற்றிவிடுகிறார்.

என்ன ஆயிற்று, எதை மாற்றினோம்

தீபாவளிக்கு முன் எல்லாம் முடிந்தது. கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. செலவு ஊசிகளுக்கும் சரியான பாபின்களுக்கும் மட்டும்.

மெஷின் இப்போது கூடத்தில், உறை போட்டு இருக்கிறது. ஊசிகளை ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்திருக்கிறார். தொழிற்சாலை ஊசிகளை அவர் தூக்கிப் போடவில்லை, போடச் சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. டப்பாமேல் "வீட்டு மெஷினுக்கு இல்லை" என்று எழுதி மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். உலோக பாபின்கள் மிதி மெஷின் வைத்திருக்கும் பக்கத்து புளோக் தோழிக்குப் போய்விட்டன.

எங்கள் பக்கத்தில் மாறியது: ஊசி உடைந்த மெஷின் எது வந்தாலும், நுனி கிடைத்த அன்றே தட்டின் ஓட்டையைக் காலுறையால் தடவிப் பார்த்துவிடுகிறோம், நூல் உரியும்வரை காத்திருப்பதில்லை. மெஷினோடு ஊசி டப்பா, பாபின், நூல், கோளாறு வந்த அதே துணி எல்லாம் கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்கிறோம். முன்பு எந்த மெஷினில் தைத்தீர்கள் என்று கேட்பதையும் சேர்த்திருக்கிறோம். மெஷின் தைக்கத் தெரியாதவர்களைவிட, வேறு மெஷினில் நன்றாகத் தைத்தவர்களிடம்தான் இந்தக் கேள்வி அதிகம் வெளிக்கொண்டு வருகிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. பாவாடை இடுப்பில் கொசுவமும் ஜரிகைக் கரையும் சேர்ந்து தடிக்கும் இடத்தை இந்தச் சின்ன மோட்டார் தாங்காது. அங்கே வந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்து, கைச்சக்கரத்தை ஒவ்வொரு தையலாகச் சுற்றி அதைத் தாண்டுகிறார்.